நடிகர் கதையில் நான் விட்டுவிட்ட ஆள்

போன மாதம் புணே மகர்பட்டாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "சார், முப்பது வருஷ பி.ஆர். அனுபவத்தில் ஒரு நல்ல கதை சொல்லுங்க" என்று கேட்டீர்கள். நான் அந்த நடிகர் கதையைச் சொன்னேன். மேடையில் உளறிவிட்டு மாட்டிக்கொண்டார், நான் அவருக்கு அழகாக ஒரு மன்னிப்பு அறிக்கை எழுதிக் கொடுத்தேன், அவர் அதை ஓரமாக வைத்துவிட்டுத் தன் சொந்த வார்த்தையில் பேசிப் பிழைத்துக்கொண்டார். சில சமயம் நம் வேலை வழிவிட்டு நிற்பதுதான் என்று கடைசியில் ஒரு நீதியும் சொன்னேன். சிரித்தீர்கள், கை தட்டினீர்கள்.

எல்லாரும் எழுந்தபிறகு உங்களில் ஒரு பெண், கோயம்புத்தூரிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது என்று சொன்னவர், என்னிடம் வந்து கேட்டார்: "அவர் ஏன் சார் உங்க பேப்பரை வேண்டாம்னு வெச்சார்? அதுவரைக்கும் படிக்கிறதாத்தானே இருந்தார்?"

"நடிகர்கள் அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

அந்தப் பெண் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் ஒரு மனிதன். அவனை நான் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். நாலு வருஷமாக எங்கே சொன்னாலும் அவனை எடுத்துவிட்டுத்தான் சொல்கிறேன். இப்போது அவனைச் சேர்த்துச் சொல்கிறேன். அவனை சுஹாஸ் என்று கூப்பிடுகிறேன். அது அவன் பெயர் இல்லை. அவன் ஊரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கட்கியில் வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை பார்த்தவரின் பிள்ளை நான். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளிக்கூடத்தில் மராத்தி, ஆபீசில் இங்கிலீஷ். மற்ற மூன்று பாஷையிலும் மற்றவர்களுக்காக நிறைய எழுதியிருக்கிறேன். தமிழில் யாருக்காகவும் அறிக்கை எழுதியதில்லை. அம்மாவிடம் சொன்ன பொய்களைத் தவிர்த்தால், இந்த மொழியில் எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் குறைவு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது தெரியாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது. நான் ஆண்களை விரும்புகிறவன். நீங்கள் சொல்கிற சொல்லில் 'கே'. வயது அறுபத்திரண்டு. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களிடம் அக்காவின் கல்யாணம், அப்பாவின் உடம்பு, ஜாதகம் என்று வயதுக்கு ஏற்றபடி ஒவ்வொரு காரணம் வைத்திருந்தேன். ஐம்பது தாண்டியதும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அதைவிடப் பெரிய நிம்மதி எனக்கு அந்நாட்களில் எதுவும் இல்லை.

தொழிலில் மட்டும் நான் பெரிய தைரியசாலி. அது குற்றமில்லை என்று நீதிமன்றம் சொன்ன அன்று ஒரு பிரஷர் குக்கர் கம்பெனிக்கு வாழ்த்து எழுதினேன். குக்கரிலிருந்து ஏழு வண்ணத்தில் ஆவி போகும், கீழே 'அடக்கி வைத்தது போதும்' என்று இருக்கும். ஆயிரக்கணக்கில் பகிர்ந்தார்கள். ஆபீசில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு லோக்கல் ரயில் பிடித்து கட்கிக்கு வந்து, அக்காவோடு உட்கார்ந்து டிவியில் அதே செய்தியைப் பார்த்தேன். "என்ன கண்றாவியோ" என்றாள் அக்கா. "ஆமா" என்றேன்.

சுஹாஸ் எங்கள் ஆபீசில் டிசைனர். அப்போது அவனுக்கு முப்பத்தொன்று. சாதாராக்காரன். அப்பா இல்லை, ஊரில் அம்மா மட்டும். இந்த ஊரில் மதராஸ்காரன் என்றால் யாருக்கும் 'அண்ணா'தான், அவனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். காலையில் ஆபீசுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் இருவரும் போஹா, நம் அவல் உப்புமா மாதிரி, சாப்பிடுவோம். என் எழுத்தில் எங்கே மூச்சு முட்டுகிறது என்று அவன் சொல்வான். அவன் படத்தில் எங்கே கண் தடுமாறுகிறது என்று நான் சொல்வேன். எனக்கு அந்த ஆபீசில் நண்பன் என்று சொல்லிக்கொள்ள அவன்தான் இருந்தான்.

ஒருநாள் காலை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் கே."

நான் தட்டைப் பார்த்தேன். "எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கலையா?" என்றேன்.

அவன் சிரித்தான். பிழிந்துகொண்டான். பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். என்ன வார்த்தைக்காகக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் ஊகித்திருந்தான். சும்மா யாரிடமோ சொல்லவில்லை, என்னிடம் வந்து சொன்னான். 'நானும்தான்டா' என்று ஒரு வார்த்தை. வண்டிக்காரர் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார், பஸ் போய்க்கொண்டிருந்தது, யாரும் எங்களைக் கவனிக்கவில்லை.

"ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லாத" என்றேன்.

"சரிண்ணா" என்றான். அதற்குப் பிறகும் தினமும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். அவன் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அது நடந்து எட்டு மாதமிருக்கும், நடிகர் விவகாரம் வந்தது. அவரை உங்களுக்கெல்லாம் தெரியும், பெயர் வேண்டாம். மராத்திப் படங்களில் நல்ல பிள்ளை வேஷம். ஒரு கல்லூரி விழாவில் மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சார், கே வேஷம் கொடுத்தா நடிப்பீங்களா?"

"நடிப்பேனே" என்றார். "ஆனா அதுக்கப்புறம் எங்கம்மா என் கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க."

அரங்கமே சிரித்தது. கேள்வி கேட்ட பையனும் சிரித்தான். வீடியோவில் அவன் சிரிப்பைப் பார்த்தால் தெரியும், அது அவன் சிரிப்பு இல்லை. அந்தச் சிரிப்பை நான் நாற்பது வருஷம் சிரித்திருக்கிறேன்.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ எல்லார் போனிலும் இருந்தது. இங்கே அரசியல் உள்ளே வந்தது. மாநகராட்சித் தேர்தல் வரும்போல இருந்த நேரம். ஒரு கட்சி, நடிகர் நம் தாய்மார்களின் குரலாகப் பேசினார் என்று பாராட்ட நினைத்தது. எதிர்க்கட்சி கண்டிக்க நினைத்தது. இரண்டு கட்சியின் உள்ளூர்த் தலைவர்களும் எங்கள் வாடிக்கையாளர்கள். இரண்டு அறிக்கையையும் நான்தான் எழுதினேன். ஒன்றில் 'பண்பாடு' என்று வந்த இடங்களில் இன்னொன்றில் 'மாண்பு' என்று வரும். மற்றபடி வாக்கியங்கள்கூட அதிகம் மாறவில்லை. பாராட்டியவர் முந்தின வருஷம்தான் வானவில் கொடி பிடித்து ஊர்வலத்தில் போட்டோ எடுத்துக்கொண்டவர். கண்டித்தவர் தனியறையில் நடிகரைவிட மோசமாக ஜோக் அடிப்பவர். இருவருக்கும் என் எழுத்து பிடித்திருந்தது.

மறுநாள் நடிகரே எங்களிடம் வந்தார். அவர் விளம்பரம் செய்யும் சோப்புக் கம்பெனி முகம் சுளித்திருந்தது. கண்டித்தவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம், பாராட்டியவர்களைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பாராட்டின கும்பலில் சில பேர் கேள்வி கேட்ட பையனின் வீட்டு விலாசத்தைத் தேட ஆரம்பித்திருந்தார்கள்.

அறையில் நாலு பேர். நடிகர், அவர் கால்ஷீட் பார்க்கும் மைத்துனர், எங்கள் முதலாளி மேடம், நான். மேடம் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். நெருக்கடியில் யார் என்ன கேட்டாலும் மனசுக்குள் நாலு வரை எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். அதை நானும் புதிதாக வந்த எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் உங்களுக்கும் சொன்னேன்.

நான் எழுதியிருந்த மன்னிப்பை மேடம் படித்தார். "நல்லாருக்கு மூர்த்தி. ஆனா காகிதம் மட்டும் போதாது. ஒரு முகம் வேணும்" என்றார். நடிகர் ஒரு கே நண்பரோடு உட்கார்ந்து டீ குடிப்பதுபோல ஒரு படம். இயக்கத்துக்காரர்கள் வேண்டாம், அவர்கள் திருப்பிக் கேள்வி கேட்பார்கள். சாதாரண ஆள், நல்ல முகம், மராத்திக்காரராக இருந்தால் நல்லது.

"உங்க ஆபீஸ்லயே யாராவது இருப்பாங்களே?" என்றார் மைத்துனர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அவர் ஏன் என்னைப் பார்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதானாக இருக்கலாம். ஆனால் நான் என்னையே அவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணமாகாதவன், சட்டையை நன்றாகத் தேய்த்துப் போடுபவன். மேடமும் என் பக்கம் திரும்பினார். அடுத்து கேட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. நான் ஒன்றுகூட எண்ணவில்லை.

"டிசைன்ல சுஹாஸ் இருக்கான்" என்றேன்.

"சுஹாஸா?" என்றார் மேடம். அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம்.

என்னைவிட்டு அவர்கள் பார்வை விலகியது. அந்த நிமிஷம் எனக்கு இருந்தது வெட்கமில்லை, பிள்ளைகளே. நிம்மதி. இதை மறைத்தால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை. நன்றாக மூச்சுவிட்டேன். தண்ணீர் குடித்தேன்.

மேடம் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கால்மணி நேரம். அந்த அறையிலிருந்து வெளியே வந்தவன் நேராக என் மேஜைக்கு வந்தான்.

"அண்ணா, மேடமுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்களுக்கு முன்னாடியே தெரியும்போல இருக்கு" என்றேன்.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்படியா" என்றான். பிறகு, "நாளைக்குப் பதினோரு மணிக்குப் போட்டோவாம். என்ன கலர் சட்டை போடட்டும்?" என்று கேட்டான். அந்த ஆபீசில் மேடம் கேட்டு மாட்டேன் என்று சொன்னவர்கள் கிடையாது. நான் நீல நிறம் என்று சொன்னேன். யோசித்துப் பாருங்கள், நிறம்கூட சொன்னேன்.

மறுநாள் பெரிய அறையில் விளக்கெல்லாம் வைத்துத் தயாராக இருந்தது. போட்டோகிராபர் இருந்தார். நான் கையில் அறிக்கையோடு ஓரமாக நின்றேன். நடிகர் வந்தார், சுஹாசோடு கைகுலுக்கினார். விளக்கைச் சரிசெய்கிற நேரத்தில் இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல நடிகர் கேட்டார்: "வீட்ல யார் யாரு?"

"அம்மா. சாதாராவில."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

நடிகர் திரும்பி மைத்துனரைப் பார்த்தார். "இது நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் வரும்ல? இவன் அம்மா பார்ப்பாங்கல்ல?"

மேடம் தன் போனைப் பார்த்தார். நான் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். இவ்வளவு சின்னக் கேள்வியை முந்தின நாள் முழுக்க எங்களில் ஒருவரும் அவனிடம் கேட்கவில்லை. மேடமுக்கும் மைத்துனருக்கும் தோன்றாமல் போனதை மன்னிக்கலாம். எனக்குத் தோன்றாமல் போனது எப்படி? தோன்றியது. அம்மாவிடம் மறைப்பது என்றால் என்ன என்று அந்த அறையில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"என் அம்மாவை வெச்சு ஜோக் அடிச்சேன். இப்ப இவன் அம்மாவை வெச்சுத் தப்பிக்கணுமா?" என்று எழுந்தார் நடிகர். "போட்டோ வேண்டாம். தம்பி, நீ போய் உன் வேலையைப் பாரு. மன்னிச்சுக்கோ." என்னிடம் வந்து காகிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நான் இப்படிப் பேச மாட்டேன்" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

பிறகு கேமரா முன்னால் தனியாக உட்கார்ந்து பேசினார். சிரிப்பு வாங்கத்தான் சொன்னேன், சொன்னது தப்பு, கேள்வி கேட்ட பையன் நிஜமாகவே கேட்டான், நான் அவனைக் கேலிப்பொருளாக்கிவிட்டேன், அவன் வீட்டுப் பக்கம் யாராவது போனால் முதலில் என்னிடம் வரட்டும், இவ்வளவுதான். நடுவில் இரண்டு இடத்தில் திக்கினார். பாராட்டின கட்சி அவரைத் துரோகி என்றது, கண்டித்த கட்சி இது நாடகம் என்றது. சோப்புக் கம்பெனி போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பையனை யாரும் தேடவில்லை. அது எனக்குத் தெரியும், விசாரித்தேன்.

உங்களுக்கு நான் சொன்ன கதை இந்த இடத்தில் முடிந்தது. அப்போதுதான் கை தட்டினீர்கள்.

போட்டோ எடுக்கவில்லையே தவிர, செய்தி அறையைவிட்டு வெளியே வந்துவிட்டது. அன்று மத்தியானமே எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண், நல்ல மனசுக்காரி, கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவள், 'நம் சுஹாசின் துணிச்சலுக்கு வாழ்த்துகள்' என்று கலர் கலராக இதயம் போட்டிருந்தாள். பதினெட்டுப் பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் விட்டால் தனியாகத் தெரியும் என்று பயம். வீடியோ பிரிவில் வேலை செய்த ஒருவருக்கும் சாதாராதான் ஊர். இரண்டு நாளில் செய்தி அங்கே போய்ச் சேர்ந்தது. போகும் வழியில் கொஞ்சம் மாறியும் போனது.

சுஹாஸ் அடுத்த மாதம் வேலையை விட்டான். கடைசி நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டான். என்னிடமும் வந்தான். "வரேன்ணா" என்றான். காலையில் போஹா சாப்பிடும்போது சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, அந்த மாதம் முழுக்க நான் வண்டிப் பக்கமே போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து நான் ரிடையர் ஆனேன். மேடம் மேடையில் என்னைப் புகழ்ந்தார். நெருக்கடியில் மூர்த்தி பதறவே மாட்டார் என்றார்.

நீங்கள் கைதட்டிய அந்த வாரம்தான் அவனைத் தேடிப் போனேன். கோத்ருடில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறான். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை. சுவரெல்லாம் பிள்ளையாரும் மாவிலையுமாக மாதிரிகள் தொங்கின. என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் தள்ளிப் போட்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மேடம்கிட்ட சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அன்னிக்கே. உங்ககிட்ட மட்டும்தானே நான் சொல்லியிருந்தேன்."

நாலு வருஷமாக நான் பத்திரமாகக் காப்பாற்றி வந்த பொய், சொன்ன நிமிஷமே உடைந்துபோயிருந்தது. அவன் அதை எனக்குத் தெரியாமல் மூடி வைத்திருந்தான். நீலச் சட்டை என்று நான் சொன்னபோதும் அவனுக்குத் தெரியும்.

"அப்பவே என்னை ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்வீங்க. எனக்கு உங்களைப் பிடிக்கும்ணா. அதனால கேக்கல."

நானும் அப்படிப்பட்டவன்தான், அன்று என்னைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அவன் பெயரைச் சொன்னேன் என்று சொல்லி முடித்தேன். அவன் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன் என்பது, அது வராதபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகும்? எங்கம்மாகிட்ட சொல்லுங்க" என்றான். "சினிமாக்காரன் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கணும்னு நானே போய் எல்லார்கிட்டயும் சொன்னேன்னு அவங்க நினைச்சிட்டிருக்காங்க. நான் சொன்னா நம்பலை. நீங்க சொல்லுங்க."

இந்த இடத்தில் தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் ஒருநாள் அந்த மாதிரி அறை வரும். யாராவது ஒருத்தர் வேணும், நம்மில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். கே என்று இல்லை, வேறு எதுவாகவும் இருக்கலாம், ஒருவரின் வியாதி, ஒருவரின் ஜாதி, ஒருவரின் வீட்டுச் சண்டை. உங்களைச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருங்கள், அதில் தப்பில்லை, பயப்பட யாருக்கும் உரிமை உண்டு. உங்கள் பயத்தை இன்னொருத்தர் தலையில் இறக்கி வைக்காதீர்கள். நாலு வரை எண்ணுவதெல்லாம் அந்த நேரத்தில் வராது. இதை முன்னாலேயே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வார்கேட் பஸ் ஸ்டாண்டில் சாதாராவுக்குக் காலை பஸ் ஏறினேன். வழியெல்லாம் மராத்தியில் வாக்கியங்களைத் தயார் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது. வேறெதுவும் எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனபோது பூட்டியிருந்தது. அவர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார், இரண்டு மணிக்கு வருவார் என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள். படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். தயார் செய்து வைத்திருந்த முதல் வாக்கியம் மறந்துபோனது.

"தாயீ" என்றேன். அவர்கள் பாஷையில் அக்கா. "உங்க பையன் யார்கிட்டயும் போய்ச் சொல்லல. நான்தான் சொன்னேன். என்னை நம்பி என்கிட்ட சொன்னதை நான் ஆபீஸ்ல மூணு பேர் முன்னாடி சொல்லிட்டேன். போட்டோவுக்கு அவனா ஆசைப்படல."

அவர் பையைக் கீழே வைத்தார். "ஏன் சொன்னீங்க?"

"என்னைக் கேட்டுடுவாங்களோன்னு பயந்தேன்."

"உங்களை எதுக்குக் கேக்கணும்?"

"நானும் அப்படித்தான்."

அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். "உங்க வீட்ல தெரியுமா?"

"தெரியாது. அக்கா இருக்கா. அவளுக்கும் தெரியாது."

அவர் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொன்னார். பாத்திரத்தில் பால் வைத்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடியே பேசினார்.

"என்னைக்காவது ஒருநாள் அவனே என்கிட்ட சொல்லியிருப்பான். நான் அழுதிருப்பேனோ, அவனை அடிச்சிருப்பேனோ, அது எனக்குத் தெரியாது. என்ன பண்ணியிருந்தாலும் அது எங்க ரெண்டு பேருக்குள்ள. அதை நான் குழாயடியில நின்னுக்கிட்டு, குடம் நிரம்பி வழிய வழிய, இன்னொருத்தி வாயால கேட்டேன். பண்டிகைக்கு வரான், சாப்பிடறான், போறான். அவன் என் முகத்தைப் பாக்கறதில்ல. நானும் பாக்கறதில்ல. நீங்க அவனோட பேரை மட்டும் எடுத்துட்டுப் போகல."

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தையில் கேட்டேன் என்று ஞாபகமில்லை. தொழில்காரனுக்கு அது ஞாபகமிருக்க வேண்டும். அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டீயைக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார்.

"மெலிஞ்சிருக்கானா?" என்று மட்டும் கேட்டார்.

"கொஞ்சம்" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் சுஹாசிடமிருந்து செய்தி வந்தது. 'அம்மா என்ன சொன்னாங்க?'

'புரிந்துகொண்டார்கள்' என்று அடித்தேன். அனுப்பும் முன்னால் அதைப் பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அழித்துவிட்டு, அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே, அடித்திருப்பேனோ என்பதையும் சேர்த்து, மராத்தியில் எழுதி அனுப்பினேன். இதை உங்களுக்கு எழுதலாமா என்றும் கேட்டேன்.

கட்கி வந்ததும் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போனேன். அவள் ரசம் வைத்திருந்தாள். சாப்பிட்டேன். சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை முடித்துவிட்டுச் சொல்வதாக இருக்கிறேன். சொல்வேனா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. சொன்னேன் என்று உங்களிடம் எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐந்து நாள் கழித்து சுஹாசிடமிருந்து பதில் வந்தது.

'எழுதுங்க. பேரையும் ஊரையும் மாத்திடுங்க. அந்த நடிகர் கேட்ட கேள்வியை விட்டுடாதீங்க. நேத்து அம்மா போன் பண்ணினாங்க. ரொம்ப நேரம் பேசினோம். என்ன பேசினோம்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன்.'